மன்னிப்பு விழாவுக்கு வந்த கூட்டம்

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி, சேலை கசங்கிரும். பட்டு. இன்னிக்கித்தான் மொதத் தடவ கட்டுறேன். நீயும் கரூர்தானா? நல்லதாப் போச்சு. இந்த சன்னல் ஓரத்த மட்டும் எனக்கு விட்ரு. இல்ல இல்ல, வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன். காத்து வேணும், அம்புட்டுத்தான். சன்னல மூடுன பஸ்ல நான் ஏறவே மாட்டேன். மழை பேஞ்சாலும் நனைஞ்சுக்கிட்டே வருவேன். இந்த ரூட்டு கண்டக்டருக எல்லாத்துக்கும் என்னையத் தெரியும், பைத்தியம்னு விட்ருவாக.

எதுக்குப் போறேன்னு கேளேன். கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன். என் தங்கச்சியப் பாக்கப் போறேன். கூடப்பொறந்தவ. பேரு அழகு. கடைசியாப் பாத்தப்ப அவளுக்கு ஆறு வயசு, எனக்குப் பத்து. இப்ப என் பேரன் பள்ளிக்கூடம் போறான், பாத்துக்க. இத்தன வருஷமும் எங்க இருக்கா என்னன்னு தெரியாது. ஆனா நல்லா இருக்கான்னு மட்டும் தெரியும். ஏன்னா அவ கார்ல போனவ. நான் நடந்து வந்தவ. அதுக்குத்தான் இந்தப் பட்டு. பெரிய எடத்துல இருக்கவ வீட்டு வாசல்ல நூல் சேலையோட போயி நின்னா, வேலை கேட்டு வந்திருக்கான்னு வாட்ச்மேன் வெளியவே நிப்பாட்டிருவான்ல.

எப்படிக் கண்டுபுடிச்சேன்னா, அது ஒரு கூத்து. அந்தக் கூத்துல என் தொழிலே போச்சு. இத்தன வருஷம் கட்டிக் காப்பாத்துன பேரு ஒரே நாள்ல நாறிப் போச்சு. கேளு, ஒனக்கும் பொழுது போகணும்ல.

என் தொழிலு கூட்டம் கூட்டுறது. சிரிக்காத தாயி. திண்டுக்கல்ல எந்தக் கட்சி மீட்டிங்கா இருந்தாலும் இந்த ராக்கு ஆள் எறக்குனாத்தான் மைதானம் நெறயும். எனக்குன்னு கட்சி கெடயாது. வேன்ல ஏறும்போது எந்தத் துண்டக் குடுக்குறாகளோ அன்னிக்கி அந்தக் கட்சி. ஆனா தொழில்ல சுத்தம். என் பொம்பளைக நடுவுல எந்திரிச்சுப் போக மாட்டாளுக. தலைவரு மூச்சு வாங்குற எடம் பாத்துக் கைதட்டுவாளுக. ஒரு தடவ ஒரு தலைவரு வெயில்ல கிறுகிறுத்துப் போயி எதுத்த கட்சிக்காரரு பேரச் சொல்லி "வாழ்க"ன்னுட்டாரு. அதுக்கும் தட்டுனாளுக. அம்புட்டுக் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் எனக்குப் பேரு.

போன தை மாசம், வட்டச் செயலாளரு தவசி வந்தான். வட்டமும் அப்படித்தான், அவன் வயிறும் அப்படித்தான். "யக்கா, ஒரு கவர்மென்ட் பங்ஷன். எழுவது பொம்பளைக வேணும். அம்பது வயசுக்கு மேல. கொஞ்சம் சோகமா இருக்கணும்"ன்னான்.

"எழவு வீடாடா?"ன்னேன்.

"இல்லக்கா, மன்னிப்பு விழா."

காது குத்துக்கு ஆள் எறக்கியிருக்கேன், கட்டடம் தெறக்க எறக்கியிருக்கேன். ஒரு எம்.எல்.ஏ. நாயி செத்ததுக்குக் கூட எறக்கியிருக்கேன். மன்னிப்புக்கு விழா எடுத்து நான் கேள்விப்பட்டதே இல்ல. "மன்னிப்பக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதானடா, அதுக்கு எதுக்குப் பந்தலு?"ன்னேன். அவன் வெவரம் சொன்னான்.

எங்க ஊருக்கு மேக்க, மலையடிவாரத்துல, குணசாகர சாமி பிள்ளைகள் இல்லம்னு ஒண்ணு இருக்கு. தாயி தகப்பன் இல்லாத பொம்பளப் புள்ளைகள வளக்குற எடம். பாதி சர்க்காரு, பாதி சாமி. அரிசி சர்க்காரு குடுத்துச்சு, அடிய சாமி பேரச் சொல்லிக் குடுத்தாக. அந்தக் காலத்துல அங்க வளந்த புள்ளைகளுக்கு என்னென்னமோ கொடுமை நடந்துச்சுன்னு யாரோ கேஸ் போட்டு, ஒரு ரிட்டயர்டு ஜட்ஜு வருஷக்கணக்கா விசாரிச்சு, ஆமா நெசந்தான்னு சொல்லிட்டாரு. சர்க்காரு மன்னிப்புக் கேக்கணும்னு கோர்ட்டு சொல்லிருச்சு. சர்க்காரு சும்மா கேக்குமா? பிளெக்ஸ் அடிச்சுத்தான் கேக்கும்.

ஆனா அதுல ஒரு சிக்கலு. கொடுமைப்பட்டவுகன்னு தேடிப் பாத்தா முப்பது பேருக்கு மேல தேறல. பாதிப் பேரு செத்துட்டாக, மிச்சப் பேரு வர மாட்டேங்கிறாக. "காலிச் சேரப் பாத்து மந்திரி மன்னிப்புக் கேப்பாராக்கா?"ன்னான் தவசி. ஞாயமான கேள்விதான். சரிடான்னுட்டேன்.

ஆங், சொல்ல மறந்துட்டேன். அந்த இல்லத்துலதான் நானும் வளந்தேன். நானும் அழகும்.

அய்யய்ய, நீ ஏன் தாயி அப்படிப் பாக்குற? எனக்கு ஒண்ணும் ஆகல. இதத்தான் அந்த நிலோபர் மேடத்துக்கிட்டயும் சொன்னேன். கலெக்டர் ஆபீஸுல இந்தக் கேஸப் பாக்குறதுக்குன்னே போட்ட அதிகாரி அது. சின்ன வயசு. ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு எங்க தெருவுக்கு மூணு நாலு தடவ வந்துருச்சு. "நீங்களும் பாதிக்கப்பட்டவுகன்னு பதிஞ்சுக்கங்கம்மா"ன்னு ஒரே நச்சரிப்பு. என்னத்தப் பாதிக்கப்பட்டேன்? அடிச்சாக. யாருதான் அடி வாங்கல? தப்புப் பண்ணா அரிசி ரூமுல போட்டுப் பூட்டுவாக. நான் நெறயத் தப்புப் பண்ணுவேன், அதனால பாதி நாளு அங்கதான் கெடப்பேன். ஒண்ணும் பயமில்ல, எலிக மட்டுந்தான். எலி யாரையும் கைநீட்டி அடிச்சதில்ல. அந்த மேடம் எங்க வீட்டச் சுத்திமுத்திப் பாத்துட்டு, "ஏம்மா, வாசலுக்குக் கதவே இல்ல?"ன்னு கேட்டுச்சு. கதவு எதுக்கு? சேலையத் தொங்க விட்டிருக்கேன். காத்தோட்டமா இருக்கும்ல. மருமக கூட கதவு போடணும்னு மல்லுக்கு நின்னா, போட்டா நான் தெருவுல படுத்துக்கிருவேன்னுட்டேன். இதுல என்ன இருக்கு?

அந்த மேடம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு: "நீங்க பதிஞ்சாத்தாம்மா உங்க தங்கச்சி எங்கன்னு இல்லத்துக்காரங்கள நாங்க கேக்க முடியும்."

அதுலதான் எனக்குச் சங்கடம். அழகு கார்ல போனவ, சொன்னேன்ல? அன்னிக்கி நான் அரிசி ரூமுல இருந்தேன். மேல ஒரு கம்பி சன்னல் உண்டு, எட்டாது. கார் சத்தம் மட்டும் கேட்டுச்சு. சாயங்காலம் கதவத் தெறந்துவிட்ட அம்மா சொல்லுச்சு. அம்மான்னா எங்கம்மா இல்ல, அங்க வார்டனா இருந்த பொம்பள. அதத்தான் அம்மான்னு கூப்புடணும், இல்லன்னா வாயிலயே போடும். "ஒன் தங்கச்சி பெரிய குடும்பத்துக்குப் புள்ளையாப் போயிட்டாடி. கார்ல முன்சீட்டுல உக்காந்து போனா. ஒனக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்ல"ன்னுச்சு. அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல. ஆனா சந்தோசம் தாயி. மெய்யாலுமே சந்தோசம். அதுக்கப்பறம் எம்புட்டு அடி வாங்குனாலும் அழகு இப்ப கார்ல போயிக்கிட்டிருப்பான்னு நெனச்சுக்கிருவேன், வலி கொறையும். இப்ப இந்த மேடம் வந்து அந்த எடமே பொல்லாத எடம், நீ கெட்டுப்போனவன்னு கையெழுத்துப் போடுன்னா, எப்படிப் போடுவேன்? என் தங்கச்சிக்கு நல்லது பண்ண எடத்த நான் எப்படிக் கொற சொல்லுவேன்? அவள ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும்னு ஏங்காத நாளு கெடயாது. ஆனாலும் போட மாட்டேன்னுட்டேன்.

சரி, விழாவுக்கு வா.

எழுவது பேரச் சேத்துட்டேன். முந்தின நாளு எல்லாரையும் உக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். பூ வைக்கக் கூடாது. பவுடரு கூடாது. வெத்தல போட்டுக்கிட்டு மந்திரியப் பாத்துச் சிரிக்கக் கூடாது. சரசுன்னு ஒருத்தி, அவளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். "யக்கா, எனக்கு என்ன கொடும நடந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காரணும்?"ன்னா. "ஒண்ணும் நெனைக்காத, ஒன் வீட்டுக்காரன நெனச்சுக்க"ன்னேன். மக்யா நாளு அந்தப் பந்தல்லயே அவ மொகந்தான் ரொம்பச் சோகமா இருந்துச்சு.

இல்லத்து மைதானத்துலதான் விழா. பிளெக்ஸுல மந்திரி ஒரு பக்கம் கும்புடுறாரு, இல்லத்த நடத்துன, செத்துப் போன பெரிய சாமி இன்னொரு பக்கம் ஆசீர்வாதம் பண்றாரு, நடுவுல தாமரைப் பூவு, கீழ மூலையில பொடி எழுத்துல 'வருந்துகிறோம்'. கண்ணாடி போட்டாத்தான் தெரியும். குத்துவெளக்கு, பொன்னாடை, எல்லாம் உண்டு. இப்ப அங்க இருக்குற சின்னப் புள்ளைகள விட்டு வரவேற்பு டான்ஸ் வேற. மன்னிப்புக் கேக்குற எடத்துல 'வருக வருக'ன்னு பாட்டு. நெசமான முப்பது பேரும் மொத ரெண்டு வரிசையில. என் ஆளுக பின்னாடி. நான் கடைசியில, சோத்து அண்டாவுக்குப் பக்கத்துல நின்னேன். அங்க நின்னாத்தான் முன்னாடியும் தெரியும், சாம்பார் சாதத்து மேலயும் ஒரு கண்ணு இருக்கும்.

மந்திரி ரெண்டு மணி நேரம் லேட்டு. அதுவரைக்கும் இளைய சாமி பேசுனாரு. பெரிய சாமிக்கு அண்ணன் மகன், இப்ப அவருதான் இல்லத்துக்கு எல்லாம். "அந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் சில கண்டிப்பான சம்பவங்கள்"ன்னாரு. அடுத்தாப்புல அதிகாரி ஒருத்தரு எந்திரிச்சு, இல்லத்த நடத்துனது சாமிகதான், சர்க்காரு இல்லன்னாரு. சாமி மறுபடி மைக்கப் புடுங்கி, மேற்பார்வை சர்க்காரோடதுன்னாரு. மன்னிப்பு பந்து மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் போயிக்கிட்டே இருக்கு, புடிக்கிறதுக்கு ஆளில்ல. மொத வரிசையில இருந்த சிட்டு தூங்கியே போயிட்டா. சிட்டு என் கூட இருந்தவ, ஒரு காது கேக்காது. அம்மா அறைஞ்சதுல போனது.

அப்பறம் மந்திரி வந்தாரு. பேப்பரப் பாத்துப் படிச்சாரு. நல்லாத்தான் படிச்சாரு, குத்தம் சொல்லக் கூடாது. "உங்களுக்கு நேர்ந்த துன்பங்களுக்காக இந்த அரசு மனவருத்தம் தெரிவித்து, மன்னிப்புக் கோருகிறது"ன்னு சொல்லி, பேப்பர மடிச்சு வச்சுட்டு, ரெண்டு கையையும் நல்லா நெஞ்சுக்கு நேராக் கூப்பிக் கும்புட்டாரு.

அவ்வளவுதான் தாயி. முன்னாடி இருந்த முப்பது பேரும் சடார்னு எந்திரிச்சாக.

யாரும் சொல்லல. கம்பு ஊனி வந்தவளும் எந்திரிச்சுட்டா. தூங்கிக்கிட்டிருந்த சிட்டும் எந்திரிச்சுட்டா. கையக் கூப்பி, கண்ண மூடி, எல்லாரும் ஒரே கொரல்ல:

"உண்ண அன்னம் தந்தவர் வாழ்க!
உடுக்கத் துணி தந்தவர் வாழ்க!
அவர் குலம் வாழ்க! கோத்திரம் வாழ்க!
நாங்கள் நன்றி மறவோம்! மறவோம்! மறவோம்!"

ஒனக்குப் புரியாதுல்ல. அங்க அப்படித்தான். யாருக்காவது பொறந்த நாளு, தெவசம், கல்யாண நாளுன்னா இல்லத்துக்கு வந்து ஒரு வேளை சோறு போடுவாக. எலையில சோறு ஆவி பறக்க இருக்கும், தொடக் கூடாது. சோறு போட்டவுக முன்னாடி வந்து கை கூப்புவாக. அதான் அடையாளம். கை கூப்புன ஒடனே எந்திரிச்சு இதச் சொல்லணும். கொரலு கம்மியா வந்தவளுக்கு எலைய எடுத்துருவாக. வருசக்கணக்கா, பசியில, சோத்தப் பாத்துக்கிட்டே சொன்னது. அது மண்டையிலயா இருக்கும்? காலுலயும் கையிலயும் ஏறிப் போயிருக்கு. மந்திரி மன்னிப்புக் கேட்டுக் கை கூப்புனாரு, இவளுக நன்றி சொல்லிட்டாளுக.

என் ஆளுகளுக்கு ஒண்ணும் வெளங்கல. அதுனாலென்ன, கைதட்டுனாளுக. நல்ல பழக்கம்ல. மந்திரிக்குக் கண்ணே கலங்கிருச்சு. டிவிக்காரங்க ஓடி ஓடிப் படம் எடுக்குறாங்க. நிலோபர் மேடம் மட்டும் மேடைக்குக் கீழ தலையில கைய வச்சுக்கிட்டு நிக்கிது.

சரசு திரும்பி என்னையே பாக்குறா. வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறா. என்னடி பாக்குறேன்னு கேக்கலாம்னா, என் வாயி சும்மா இல்ல. "மறவோம், மறவோம்"ன்னுக்கிட்டு இருக்கு. குனிஞ்சு பாத்தா ரெண்டு கையும் கூப்பியிருக்கு. அண்டாவுக்குப் பக்கத்துல நட்டமா நிக்கிறேன் தாயி, காண்ட்ராக்டரு, கூலிக்கு வந்தவ! "யக்கா, நீயும் அவுகதானா?"ன்னா சரசு, மெல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. தொழில் பாக்குற எடத்துல இப்படியா அசிங்கப்படுறது?

அதோட முடிஞ்சிருந்தாக் கூட பரவால்ல. இந்த இளைய சாமிக்கு வாயி சும்மா இருக்காம மைக்கப் புடிச்சாரு. "பார்த்தீர்களா, இதுதான் எங்கள் பிள்ளைகளின் அன்பு! எத்தனையோ பிள்ளைகளைப் பெரிய பெரிய குடும்பங்களில் வாழ வைத்தோம். கார் வந்து அழைத்துச் சென்ற பிள்ளைகளும் உண்டு"ன்னாரு.

காருன்னு காதுல விழுந்துச்சா, நான் நேரா மேடைக்குப் போயிட்டேன். சண்டை போடப் போகல தாயி. சத்தியமா இல்ல. ஒரு அட்ரஸ் கேக்கப் போனேன். அவுகதான வாழ வச்சோம்னு பெருமையாச் சொல்றாக, அந்தப் பெருமைய எனக்கும் கொஞ்சம் காட்டுனா என்ன? மேடை ஏறுறது எனக்குப் புதுசா? யாரும் தடுக்கல, சால்வை போட வந்திருக்கான்னு வழி விட்டாக. மைக்கு முன்னாடி நின்னு, "சாமி, என் தங்கச்சி பேரு அழகு. ஆறு வயசு. நெத்தியில இடது பக்கம் தழும்பு. இங்கருந்து கார்ல போனா. எந்த வீட்டுக்குன்னு மட்டும் சொல்லுங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன், ஒரு தடவ பாத்துட்டு வந்துருவேன்"னேன்.

சாமி சிரிச்சாரு. "அதெல்லாம் ரகசியம் அம்மா"ன்னாரு.

"ரகசியம்னா எனக்குச் சொல்லுங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்"னேன்.

மந்திரியோட பி.ஏ. வந்து "அப்பறம் பேசிக்கலாம்"னு மைக்க ஆப் பண்ணச் சொல்றான். மைக் செட்டு பாண்டி யாரு? நான் கூட்டிட்டு வந்தவன். அவன் என்ன நெனச்சானோ, வால்யூமத் தூக்கி வச்சுட்டான். நான் மறுபடி கேட்டேன். "அழகு எங்க?" மலையில பட்டுத் திரும்பி வருது தாயி, அழகு எங்க, அழகு எங்கன்னு.

அப்பறம் முன் வரிசையில சிட்டு கத்துறா, "என் காத எவன் குடுப்பான்?"னு. இன்னொருத்தி எந்திரிக்கிறா, "அன்னிக்கிக் கெணத்துல விழுந்தாளே பவுனு, அவளத் தூக்கி எங்கய்யா பொதைச்சீக?"ங்கிறா. இம்புட்டு வருசமா வாழ்க வாழ்கன்னு மட்டும் சொன்ன வாயிக. அதக் கூடப் பொறுத்துக்கலாம், நெசமானவுக, கேக்க உரிமை இருக்கு. என் ஆளுகளுக்கு என்ன வந்துச்சு? சரசு சேரு மேல ஏறி நின்னு, "எங்கய்யா அந்தப் புள்ள? சொல்லிட்டுப் போய்யா!"ன்னு கத்துறா. அவளுக்கு அழகு யாருன்னே தெரியாது! எழுவது பேரும் எந்திரிச்சுட்டாளுக. கைதட்டச் சொன்ன எடத்துல தட்டுறது, உக்காரச் சொன்னா உக்காருறது, எல்லாக் கட்டுப்பாடும் போச்சு. தவசி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறான், "யக்கா, ஒன் கூட்டத்த அடக்குக்கா"ங்கிறான். எங்க அடக்க? நான் மைக்கு முன்னாடி அழுதுக்கிட்டு நிக்கிறேன்.

மந்திரி சமையக்கட்டு வழியாப் போயிட்டாரு. சாமி உள்ள போயிக் கதவப் பூட்டிக்கிட்டாரு. நாங்க என்ன பண்றது? சாப்புட்டோம். சோறு ஆறிப் போயிருந்துச்சு. ஆனா அந்த மைதானத்துல ஒரு வரி கூடப் பாடாமச் சோறு தின்னது அன்னிக்கித்தான். சிட்டு மூணு தடவ வாங்கித் தின்னா.

சர்க்காரு சும்மா இருக்குமா? மறுநாளு பேப்பருல, 'மன்னிப்பை ஏற்று நன்றி முழக்கம்'னு போட்டிருந்தான். விழாவுல கொழப்பம் பண்ணது யாருன்னு விசாரிக்க ஒரு கமிட்டி போட்டாக. புள்ளைக என்ன ஆச்சுங்கிறதுக்கு ஏழு வருசம், கொழப்பம் பண்ணது யாருன்னு பத்தே நாள்ல கண்டுபுடிச்சுட்டாக. நாந்தான். நிலோபர் மேடத்த ராமநாதபுரத்துக்கு மாத்திட்டாக. போகும்போது வீட்டுக்கு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டுப் போச்சு. எனக்கு இப்ப எந்தக் கட்சியும் வேலை குடுக்க மாட்டேங்கிது. "ராக்கு ஆளுக கேள்வி கேப்பாளுக"ன்னு பேராகிப் போச்சு. இதுக்கு மேல என்ன அவமானம் வேணும், சொல்லு?

அரவக்குறிச்சி தாண்டிருச்சா? நல்ல வெரட்டு வெரட்டுறான்.

ஆனா அதுலதான் இந்த நல்லது நடந்துச்சு. நான் மைக்குல நின்னு அழுதத எவனோ செல்லுல எடுத்து விட்டுட்டான். அது எங்கெங்கயோ சுத்தி, போன வாரம் ஒரு போனு. ஒரு பொம்பளப் புள்ள பேசுது. "எங்கம்மாவுக்கு நெத்தியில அந்தத் தழும்பு இருக்குங்க. சின்னதுல இருந்த வீட்டுல லட்சுமின்னு கூப்புட்டாங்களாம், ஆனா தூக்கத்துல எந்திரிச்சா அழகுன்னுதான் பேரு சொல்லும்"ன்னுச்சு. அம்மாகிட்டக் குடு தாயின்னேன். "அம்மா அழுதுக்கிட்டே இருக்கு, பேச்சு வரல, நேர்ல வாங்க பெரியம்மா"ன்னுச்சு. பெரியம்மா! கேட்டியா?

பெரிய எடம்னா பெரிய எடந்தான். அந்தப் புள்ள போனே அவுகளுது இல்லையாம், ஓனரம்மா போனாம். பெரிய எடத்துல யாரு கையில போனத் தூக்கிக்கிட்டு அலையுறாக, வேற ஆளுதான எடுப்பாக. பகல்ல வராதீங்க, அம்மா வேலைக்குப் போயிரும், சாயங்காலந்தான் வரும்னுச்சு. ஆபீசரா இருக்கும். "அம்மா பள்ளிக்கூடம் போகலைங்க, கல்யாணம் வரைக்கும் அந்த வீட்ட விட்டு வெளியவே விடல"ன்னுச்சு. வாத்தியாரு வீட்டுக்கே வந்திருப்பாரு. பொம்பளப் புள்ளைய வெளிய விடுவாகளா? "அந்த வீட்டுப் புள்ளைக எல்லாத்தையும் எங்கம்மாதான் தூக்கி வளத்துச்சு"ன்னுச்சு. மூத்தவன்னா தம்பி தங்கச்சியத் தூக்காம இருப்பாளா?

கரூர்ல எங்கிட்டுன்னா கேக்குற? ஆத்துப் பாலம் எறங்கி, பழைய சாயப்பட்டறைக்குப் பின்னாடி, காளியப்பன் லைன், நாலாவது வீடு. பட்டறையே அவுகளுதா இருக்கும்னு நெனைக்கிறேன்.

ஏன் தாயி, மொகம் ஒரு மாதிரி போகுது?

நீ அந்தப் பக்கந்தானா? அடடா. அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே. எப்படி இருக்கும் வீடு? மாடியா?

லைன் வீடா?

ஒரே ரூமா? எல்லா வீடும் ஒரே ரூமா? ஒரு கொழாயிதானா எல்லாத்துக்கும்?

இல்ல, வேற காளியப்பன் லைனா இருக்கும். ரெண்டு இருக்கும்ல. இல்லையா? ஒண்ணுதானா?

தண்ணி இருந்தா குடு தாயி.

...

அப்ப காரு?

கார் சத்தம் நான் கேட்டேனே. என் காதால கேட்டேன். காரு வந்துச்சு, நெசமாத்தான் வந்துச்சு. வார்டன் பொய் சொல்லல, கார்லதான் போயிருக்கா. ஆறு வயசு தாயி. ஆறு வயசுப் புள்ளை இன்னொரு புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சா, எது எதத் தூக்குதுன்னே தெரியாதே. பள்ளிக்கூடம் போகலைன்னுச்சு. வெளிய விடலைன்னுச்சு. அந்தப் புள்ள எல்லாத்தையும் தெளிவாத்தான் சொல்லியிருக்கு. நாந்தான் பட்டுச்சேலை எடுக்கக் கடைக்கு ஓடியிருக்கேன்.

எனக்கு அரிசி ரூமு. அவளுக்கு ஒரு வீடே அரிசி ரூமாப் போச்சு. இத்தன வருசமா எனக்கு வலிக்கிறப்பயெல்லாம் அவ சந்தோசமா இருக்கான்னு நெனச்சு நெனச்சு வாழ்ந்திருக்கேன். அவ யார நெனச்சிருப்பா? என்னையத்தான் நெனச்சிருப்பா. அக்கா வருவா, அக்கா வருவான்னு. பாவிக. கும்புட்டானுகளே அன்னிக்கி, ரெண்டு கையையும் கூப்பி. நாசமாப் போறவனுக.

நான் நல்லா இருக்கேன், நீ தண்ணிய வச்சுக்க. எறங்குற எடம் வந்துருச்சா? இந்தச் சேலையோட எப்படித் தாயி அந்த வாசல்ல போயி நிப்பேன்? நெருப்பு மாதிரி மினுங்குது சனியன். ஒன் துண்டு இருந்தாக் குடு, மேல போட்டு மறைச்சுக்கிறேன்.

கண்டக்டரு, இரு, எறங்குறோம்.

தாயி, ஒண்ணு கேப்பேன். எம்புட்டுக் கூட்டத்த எங்கெங்கயோ எறக்கியிருக்கேன், எனக்குன்னு இன்னிக்கி ஒருத்தியக் கூடக் கூட்டிட்டு வரல. ஒனக்கு அவசர வேலை இல்லைன்னா அந்த நாலாவது வீடு வரைக்கும் என் கூட வர்றியா? நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் கூப்புடும்போது அவ வெளிய வருவா. அப்ப என் பக்கத்துல நீ நின்னாப் போதும்.